மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா?

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் 1/3-ஐ விட 1/4 பெரியது என்று அடித்துச் சொன்னாள். மூன்றை விட நாலு பெரிசுதானே! நானும் நோட்டில் வட்டம் போட்டு, கத்தித் தீர்த்து, கடைசியில் இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம்.

மறுநாள் காலை ஒரே அளவில் இரண்டு தோசை சுட்டேன். ஒன்றை மூன்றாக, இன்னொன்றை நாலாக வெட்டி, "எந்தத் துண்டு வேணும்?" என்றேன். கை நேராக மூன்றாக வெட்டியதற்குத்தான் போனது. அரை நிமிஷம் துண்டையே பார்த்துவிட்டு, "அம்மா, நிறைய பேருக்குப் பிரிச்சா சின்னதாயிடுது" என்றாள்.

அப்புறம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். கால் கிலோ பீன்ஸ், அரை கிலோ தக்காளி; பை முக்கால் கிலோ என்று அவளே சொன்னாள். மீதிச் சில்லறை எண்ணுவதும் அவள் வேலை.

நடுவில் ஒரு தப்பு செய்தேன். சாப்பிடும்போதெல்லாம் கேள்வி கேட்டதில் அடுப்படிப் பக்கமே வராமல் போனாள். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டேன்.

மார்கழியில் மாமியார்தான் காப்பாற்றினார். வாசலில் 7 புள்ளிக் கோலம், ஊடுபுள்ளி 4 வரை; அதாவது நடுவரிசையில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 4-இல் முடியும். இவள் ஒவ்வொன்றாக எண்ண, "ஒரு பக்கம் மட்டும் எண்ணு கண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே" என்றார். 6, 5, 4 சேர்த்து 15, இரட்டித்தால் 30, நடுவரிசை 7. முப்பத்தேழு!

இப்போது 9 புள்ளி, 5 வரை போட்டால் எத்தனை என்று என்னையே கேட்கிறாள். நான் விரல் விட்டுத்தான் எண்ணுகிறேன்.