காலையில் மட்டும் கேட்கும் இன்ஜின் சத்தம்: எத்தனை விநாடி என்று எண்ணுங்கள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விடும். அதனால் வண்டி நிற்கும் இடத்திலேயே பிடித்துவிட வேண்டும். குறைந்தது 8 மணி நேரம் நின்ற பிறகு பானெட்டைத் திறந்து, போனில் வீடியோவை ஓடவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். கோட்டைவிட்டால் மறுநாள் காலைதான்.

அதற்கும் முன்னால் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் சோதிப்பதில் அர்த்தமில்லை. 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். குளிரில் கெட்டியான ஆயில் மேலே ஏற நேரமாகும், அதுவரை உலோகம் உலோகத்தோடு பேசும்.

முதல் இரண்டு மூன்று விநாடி மட்டும், டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போலக் கடகடவென்று வந்து அடங்குகிறதா? பெரும்பாலும் டைமிங் செயின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒரே தாளத்தில் இணைக்கும் சங்கிலி. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தை நம்பியே இருக்கிறது. அழுத்தம் வரும்வரை செயின் தொய்ந்து, அதை வழிநடத்தும் கைடில் அடிக்கும். உடனே செயினைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். ஆயில் ஃபில்டருக்குள், ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மட்டமான ஃபில்டரில் அது விறைத்துப்போய், ராத்திரியோடு ஆயில் முழுக்கக் கீழே இறங்கிவிடும். ஆயிலையும் நல்ல ஃபில்டரையும் மாற்றிவிட்டு மூன்று நான்கு காலை கேட்டுப் பாருங்கள். மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம்.

அதன்பிறகும் சத்தம் நின்றபாடில்லை, அல்லது நாளாக ஆக நீள்கிறது என்றால் வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். பி0016 கோடு வந்தால் கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், செயின் நீண்டிருக்கலாம். செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். டென்ஷனரை மட்டும் மாற்றுவது அரைவேலை. தள்ளிப்போட்டால் செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டனில் இடிக்கலாம்.

சில நிமிடம் நீடிக்கும் 'டிக் டிக்'கில்தான் பலரும் ஏமாறுவது. டேப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) என்று நினைத்து வால்வு கவரைத் திறப்பார்கள். உண்மையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) இன்ஜினோடு சேரும் இடத்தின் கேஸ்கெட் ஒழுகிக்கொண்டிருக்கும். உலோகம் சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நின்றுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். டார்ச் அடித்து, மேனிஃபோல்டு இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் கரி படிந்த கோடு, முறிந்த ஸ்டட் (நட்டு மாட்டும் திருகுக் கம்பி) இருக்கிறதா பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்துத் துணியால் அடைத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள், வறட்டுப் பலத்தில் திருகினால் ஸ்டட் முறியும். புது கேஸ்கெட் போட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்க வேண்டும்.

கரியும் இல்லை, குமிழியும் இல்லை என்றால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வு கவரில் ஊன்றி, பிடியைக் காதோரம் வையுங்கள் (பெல்ட், ஃபேன் பக்கம் துணியும் முடியும் போகாமல்). சத்தம் அங்கே பலமாக இருந்தால் டேப்பெட்தான். ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகைக்குப் புது ஆயிலே பல நேரம் போதும். திருகிச் சரிசெய்யும் வகையென்றால் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து இடைவெளி பாருங்கள்.

கீச்சென்ற சத்தம் பெல்ட். ஓடும்போது அதன் பள்ளப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்: சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு, சற்று நேரம் நின்று திரும்ப வந்தால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை.

டைரக்ட் இன்ஜெக்ஷன் (எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும்) வண்டியின் கிளிக் சத்தம், ஸ்டார்ட் ஆனதும் சற்று நேரம் ஆர்பிஎம் கூடியிருப்பது இரண்டும் இயல்பு. கைவைக்க வேண்டாம்.

அமுங்கிய 'டொக் டொக்' சில நிமிடத்தில் மறைந்தால் பிஸ்டன் ஸ்லாப். குளிர்ந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்து தட்டுகிறது. ஆயில் குடிக்காதவரை அப்படியே ஓட்டலாம், ஆனால் சூடேறும்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். அதே டொக் டொக் சூடேற ஏறக் கனத்தால் கதை வேறு. ஒவ்வொரு சிலிண்டராக, எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின் கனெக்டரைச் சில விநாடி கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் குறைகிறதோ அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங் போயிருக்கலாம். இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போய், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றி, அடியில் பளபளக்கும் உலோகத்தூள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.