பாலனுக்கு முன்பே வந்துவிடும் ராஜாக்கள்: சிற்றூர்க் கோயிலின் கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், எண்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஓட்டுக்கூரைக் கோயில் எங்களுடையது. பெரிய பங்கு ஒன்றைச் சேர்ந்த கிளைப்பங்கு. இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடில் கட்டும் கூட்டத்தில் பல வருடங்களாக நானும் ஒருவன். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன். மீதியைப் பக்கத்து ஊர்க் கோயில்களில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றுக்கும் தாய் அவசரம்தான். டிசம்பர் பத்தாம் தேதியே குடில் தயாராகிவிடும். அன்றைக்கே பாலன் இயேசுவையும் படுக்கவைத்துவிடுவோம். வெறும் குடிலைப் பார்க்க நமக்கு ஏதோ குறையாகத் தெரிகிறது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் முழுவதும் காத்திருக்கும் காலம். அந்த வெறுமைதான் அப்போது குடில் சொல்லும் செய்தி. மரியாவும் சூசையும் இருக்கட்டும், மாடு இருக்கட்டும். நடுவில் இடம் காலியாகவே இருக்கட்டும். பாலனைத் துணியில் சுற்றிப் பூசைப்பொருள் அறையில் வைத்துவிட்டு, இருபத்து நான்காம் தேதி இரவுத் திருப்பலியில் பவனியாகக் கொண்டுவந்து வையுங்கள். இரண்டு வாரம் காலியாக இருந்த இடம் நிறையும்போது குழந்தைகள் எப்படி எக்கிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்த அவசரக்காரர்கள் மூன்று ராஜாக்கள். பாலன் பிறக்கும் முன்பே ஒட்டகத்தோடு வந்து நின்றுவிடுகிறார்கள். மத்தேயு நற்செய்தி அவர்களை ஞானிகள் என்றுதான் சொல்கிறது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளையும் மூன்றாக்கிக்கொண்டோம். அவர்கள் குழந்தையைப் பார்த்ததுகூட ஒரு வீட்டில்தான், தொழுவத்தில் அல்ல. அவர்களுக்கென்று ஜனவரி ஆறாம் தேதித் திருக்காட்சிப் பெருவிழா இருக்கிறது. இந்தியாவில் அதை ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறோம். எங்கள் கோயிலில் இப்போது ராஜாக்கள் கிழக்குச் சன்னல் திண்டில் பயணத்தைத் தொடங்குகிறார்கள். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் நான்கடி நகர்த்திவைப்பார்கள். ஒரு ராஜாவின் கை உடைந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது; நீண்ட பயணம், நடக்கக்கூடியதுதான். அவர்கள் கையில் இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்: பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் என்ற நறுமணப் பிசின் சாவுக்கு. இயேசுவை அடக்கம் செய்யும்போது நிக்கதேம் என்பவர் கொண்டுவந்ததும் வெள்ளைப்போளம் கலந்ததுதான்.

தீவனத்தொட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு வருடம் திருப்பூரிலிருந்து ஜரிகை வைத்த வெல்வெட் மெத்தை வாங்கிவந்து பாலனுக்கு விரித்தோம். கோயிலைக் கூட்டவந்த பாட்டி ஒருவர், வீட்டில் நான்கு மாடு வைத்திருப்பவர், பார்த்துவிட்டுக் கேட்டார்: “கட்டுத்தரையில் யாராவது பட்டு விரிப்பார்களா கண்ணு?” எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளையை மாடு தின்கிற இடத்தில் கிடத்தினார்கள் என்றுதான் லூக்கா எழுதியிருக்கிறார். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அப்பத்தின் வீட்டில், தீனி வைக்கும் தொட்டியில், பின்னாளில் “வாழ்வு தரும் உணவு நானே” என்று சொல்லப்போகிறவர் படுத்திருக்கிறார். மெத்தை போட்டால் இது அத்தனையும் மறைந்துவிடும். மறுவருடம் அந்தப் பாட்டியே ஒரு கை சோளத்தட்டு கொண்டுவந்து நறுக்கிப் போட்டார்.

மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. பழைய ஏற்பாட்டில், இறைவாக்கினர் எசாயா நூலின் முதல் அதிகாரத்தில் இருக்கின்றன: மாட்டுக்குத் தன் உடையவனைத் தெரிகிறது, கழுதைக்குத் தனக்குத் தீனி வைக்கும் இடம் தெரிகிறது, என் மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று கடவுள் குறைபட்டுக்கொள்ளும் இடம். 1223இல் புனிதர் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் பிறப்புக் காட்சியை அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார். ஆகவே அவற்றை இடம் அடைக்கும் பொம்மைகளாக ஓரத்தில் தள்ளாமல், தொட்டியைப் பார்த்தபடி வையுங்கள். கடையில் வாங்கிய மாட்டுக்குத் திமிலே இல்லை என்று எங்கள் பிள்ளைகள் களிமண்ணில் காங்கேயம் மாடு செய்தார்கள். தாய் மயிலை என்கிற சாம்பல் நிறம், கன்று சிவப்பு. காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில்தான் நிறம் மாறும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. பிளாஸ்டிக் சிங்கத்தையும் ஒருவன் சேர்த்துவிட்டான். எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. எசாயா பதினோராம் அதிகாரத்தில் கன்றும் சிங்கமும் சேர்ந்துதானே இருக்கின்றன. டைனோசருக்கு மட்டும் அனுமதி இல்லை.

பஞ்சுப் பனியை விட்டுவிடலாம். பனியன் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பஞ்சு எளிதாகக் கிடைக்கிறது, அதனாலேயே குடில் முழுக்கக் கொட்டுகிறோம். நற்செய்தியில் பனி இல்லை; அது குளிர்நாட்டு வாழ்த்து அட்டையிலிருந்து வந்தது. ஒரு முறை பழைய சீரியல் பல்பு பஞ்சில் பட்டுப் புகைந்து, பூசை நடுவே ஒரு வாளித் தண்ணீரோடு நான் ஓடியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் பச்சையாக நிற்கும். அதை வேர்மண்ணோடு பெயர்த்து வைத்து, சுற்றிலும் சின்னப் படல் கட்டினால் ஆட்டுப்பட்டி ஆகிவிடும். இராத்திரி வயல்வெளியில் பட்டிக்குக் காவல் இருந்தவர்களுக்குத்தான் வானதூதர் முதலில் செய்தி சொன்னார். நம் ஊரில் இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

திருவருகைக் கால மெழுகுதிரி வளையத்தில் நான்கு திரியையும் சிவப்பாக வைப்பதைப் பார்க்கிறேன். வழக்கம் மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறம் மகிழ்ச்சியின் மூன்றாம் ஞாயிற்றுக்கு. வாரத்துக்கு ஒன்றாகக் கூட வேண்டுமே தவிர, முதல் நாளே நான்கையும் ஏற்றிவிடக் கூடாது. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகள் இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற போதகர் 1839இல் பழைய வண்டிச் சக்கரத்தில்தான் இதைத் தொடங்கினார். பரணில் கிடக்கும் மாட்டுவண்டிச் சக்கரம் உங்கள் ஊரில் இருந்தால் கடையில் வளையம் வாங்காதீர்கள்.

பீடத்தை மறைத்துக் குடில் கட்டுவது சின்னக் கோயில்களின் பெரிய தவறு. இடம் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் குடில் பீடத்தை நோக்கி அழைக்க வேண்டுமே தவிர அதற்குத் திரை போடக் கூடாது. பூக்களையும் பீடத்தின் மேல் குவிக்காமல் சுற்றிலும் வையுங்கள். திருவருகைக் காலத்தில் அளவாக, கிறிஸ்துமஸ் இரவில் தாராளமாக. விழாவின் நிறம் வெள்ளை என்பதால் சத்தியமங்கலம் சம்பங்கி கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம். வாசலில் நட்சத்திரக் கோலம் அழகு. ஆனால் மிதிபடும் இடத்தில் சிலுவையையோ இயேசுவின் பெயரையோ எழுதாதீர்கள். கிறிஸ்துமஸ் தாத்தா கோயில் வாசலோடு நிற்கட்டும். அவருக்கு மூலமான மீரா நகர ஆயர் நிக்கோலாசின் திருநாள் டிசம்பர் ஆறு. அன்றைக்குக் கூப்பிட்டு மிட்டாய் கொடுக்கச் சொல்லலாம்.

புத்தாண்டு முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் போடுவது கடைசித் தவறு. கிறிஸ்துமஸ் காலம், திருக்காட்சியை அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. இரண்டாம் தேதியே பிரித்தால் ராஜாக்கள் வந்துசேர இடம் இருக்காது. அந்த விழா முடிந்த மறுநாள்தான் நாங்கள் குடிலைப் பிரிக்கிறோம். பெரும்பாலும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நேரமாக இருக்கும். மூங்கில் பிளாச்சு நட்சத்திரம் பரணுக்குப் போகும், சோளத்தட்டைப் பாட்டி கூடையில் அள்ளிக்கொண்டு போவார். அவருடைய மாடுகளுக்கு.