தூள் தட்டிலிருந்து தொடங்கலாம்: கணினியில் தகடு வடிவமைக்கப் பழகுவோருக்கு

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சல்லடை எந்திரத்தின் அடியில் தூள் விழுகிற எவர்சில்வர் தட்டு, பழகுவதற்கு ஏற்ற முதல் வேலையாகும். அதைக் கோயம்புத்தூர்ப் பட்டறையில் லேசரில் வெட்டி வாங்குவதானால், அளவு பிசகினால் மறுபடியும் மலை இறங்க வேண்டியிருக்கும். ஆகவே மடிப்பதற்கு முன் தகடு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்ற விரிப்புக் கணக்கைத்தான் முதலில் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டணமில்லாத ஃப்ரீகேட் மென்பொருளில் ‘ஷீட்மெட்டல்’ என்ற கூடுதல் பகுதியை நிறுவிக்கொள்ளுங்கள். தட்டின் அடிப்பாகத்தை வரைந்து, தடிமனைக் கொடுத்து, ஒவ்வொரு விளிம்பையும் தேர்ந்தெடுத்துச் சுவரை எழுப்பினால் உருவம் கிடைத்துவிடும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் சிறு வெட்டு விட வேண்டும். விடாவிட்டால் மடிக்கும்போது தகடு அங்கே கிழியும் அல்லது பிதுங்கும்.

மடிக்கும்போது தகட்டின் உட்புறம் சுருங்குகிறது, வெளிப்புறம் நீள்கிறது. இரண்டுக்கும் நடுவே நீளம் மாறாத ஒரு கோடு இருக்கிறது. அக்கோடு உட்புறத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணே கே ஃபேக்டர். 1 மி.மீ. தகட்டை 1 மி.மீ. உள் ஆரத்தில் 90 பாகை மடிக்கையில், கே 0.44 என்றால், வளைவு எடுத்துக்கொள்ளும் நீளம் 1.5708 × (1 + 0.44), அதாவது 2.26 மி.மீ. ஆகும் (1.5708 என்பது 90 பாகையின் ரேடியன் அளவு; அடைப்புக்குள் முதலில் உள் ஆரம், பிறகு கே × தடிமன்). கே எண் உலோகத்தையும், தகட்டை வைத்து மடிக்கும் பட்டறையின் அச்சையும் (டை) பொறுத்து மாறுவதால், அட்டவணையை மட்டும் நம்பாமல், அதே தகட்டில் 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை நடுவில் 90 பாகை மடித்துத் தரச் சொல்லி, மடிந்த இரு பக்கங்களின் வெளி அளவையும் வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். உள் ஆரம் 1 மி.மீ. ஆகவே இருந்து, கூட்டுத்தொகை 101.8 வந்தால், கே ஏறத்தாழ 0.40 ஆகும். மென்பொருள் கே எண் அன்சி (அமெரிக்கத் தரம்) முறையா, டின் (ஜெர்மானியத் தரம்) முறையா என்று கேட்கும்; இந்தக் கணக்கு அன்சி முறைக்கு உரியது, டின் முறையில் எண் இதன் இரு மடங்காகும்.

துளைகளை வளைவுக்கு ஒட்டி வைக்காதீர்கள். அவை நீள்வட்டமாக இழுபடும். வாய் 8 மி.மீ. அகலமுள்ள அச்சில் 1 மி.மீ. தகட்டை மடிப்பதாயின், சுவர் 6 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

விரிப்பை, லேசர் எந்திரத்துக்குக் கொடுக்கும் வரைபடக் கோப்பு வகையான டிஎக்ஸ்எஃப் கோப்பாக மாற்றியபின் மறுபடியும் திறந்து, ஒரு பக்கத்தின் அளவு மில்லிமீட்டரில் சரியாக வருகிறதா என்று பாருங்கள். மடிப்புக் கோடுகள் வெட்டுக் கோடுகளோடு கலந்திருந்தால் லேசர் அவற்றையும் வெட்டிவிடும். சுவரின் உயரத்தை முடிவுசெய்யும் முன்பே, நான்கு பக்கமும் மூடிய தட்டின் கடைசிச் சுவரை மடிக்க ஏற்ற, துண்டு துண்டாகப் பொருத்தக்கூடிய மேல் அச்சுகள் (பஞ்ச்) அந்தப் பட்டறையில் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.