கேம் திணறினால் முதலில் வாட்டைப் பாருங்கள்

மதுரையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்தாலே கல்லூரிப் பையன்கள் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணே, வாங்குனப்ப நல்லா ஓடுச்சு, இப்ப திக்கித் திக்கி ஓடுது. விண்டோஸ மாத்திப் போட்டுக் குடுங்க." விண்டோஸை மாற்றுவது கடைசியில் செய்யவேண்டிய வேலை. பல பேருக்கு அது தேவையே படுவதில்லை. எது குறைகிறது என்று அளந்து பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அளப்பதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் போதும். இலவசம்தான், எந்தக் கம்பெனி லேப்டாப்பிலும் ஓடும். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும். எல்லோரும் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) பவர், ஜிபியு கிளாக் (அது ஓடும் வேகம்), ஜிபியு சூடு, சிபியு (ப்ராசஸர்) சூடு, விராம் (கார்டின் சொந்த நினைவகம்) ஐந்தையும் சேர்த்து டிக் செய்யுங்கள். பிறகு இருபது நிமிடமாவது விளையாடுங்கள். சூடு ஏற நேரம் பிடிக்கும். இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

ஜிபியு யூசேஜ் 99 சதவீதம் என்று காட்டினால் கார்டு முழு பலத்தில் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் கார்டு எவ்வளவு நேரம் வேலையாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கிளாக் பாதியாக இறங்கிப்போய் ஓடினாலும் 99 காட்டும். அதனால்தான் நான் வாட்டைப் பார்க்கச் சொல்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் கார்டு, தயாரிப்பாளர் வைக்கும் அளவைப் பொறுத்து 35 வாட்டிலும் வரும், 80 வாட்டிலும் வரும். பெயர் ஒன்றுதான், வேகம் வேறு. உங்களுடையது எவ்வளவு என்பதை என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியில் பாருங்கள். நண்பனின் லேப்டாப் அதே கார்டில் வேகமாக ஓடுகிறதே என்று மனம் உடைவதற்கு முன்னால் இந்த எண்ணை ஒப்பிட வேண்டும்.

இனி எண்களைப் படிக்கலாம். உங்கள் கார்டின் உச்சம் 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கேம் ஓடுகிறது, யூசேஜ் 99, ஆனால் பவர் 30 வாட், சூடு அறுபது டிகிரிதான். அப்படியென்றால் சூடு காரணமில்லை, கரண்ட் பற்றவில்லை. பேட்டரியில் ஓட்டினால் எந்தக் கேமிங் லேப்டாப்பும் இப்படித்தான் அடங்கி ஓடும். விளையாடும்போது சார்ஜர் செருகியே இருக்க வேண்டும். அதுவும் கூட வந்த சார்ஜர். 180 வாட் கேட்கிற மெஷினுக்கு 65 வாட் டைப்-சி சார்ஜர் போட்டால் சார்ஜ் ஏறுவதாகக் காட்டும், கேம் நொண்டும். சில மாடல்களில் சார்ஜர் பின் தேய்ந்தாலோ ஒயர் உள்ளே விட்டுப்போனாலோ, இது எத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்புக்குத் தெரியாமல் போய், பாதுகாப்புக்காக சிபியுவை 800 மெகாஹெர்ட்ஸுக்கோ அதற்கும் கீழேயோ இறக்கிவிடும். டாஸ்க் மேனேஜரில் வேகம் 0.4 அல்லது 0.8 ஜிகாஹெர்ட்ஸ் என்று ஒட்டிக்கொண்டு நின்றால், அதே வாட் உள்ள இன்னொரு ஒரிஜினல் சார்ஜரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னாலும், இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பவர் மோடும் இதில் சேர்ந்ததுதான். விண்டோஸில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வைத்தால் மட்டும் போதாது. ஆர்மரி கிரேட், லெனோவோ வான்டேஜ், நைட்ரோசென்ஸ் என்று அந்தந்தக் கம்பெனி மென்பொருளிலும் மாற்ற வேண்டும். லெனோவோ லீஜியனில் எஃப்என்-னும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் மோடு மாறும். தெரியாமல் கைபட்டு 'கொயட்' மோடில் கிடக்கிற லேப்டாப்புகள் நிறைய வருகின்றன.

அடுத்தது சூடு. பவர் முதலில் 75 வாட் வந்து, பத்து நிமிடம் கழித்து 50-க்கு விழுகிறது, சிபியு 95 டிகிரிக்கு மேல் நிற்கிறது என்றால் காற்று போகவில்லை என்று பொருள். மெத்தைமேல் வைத்து ஆடுகிறவர்கள் முதலில் மேஜைக்கு வாருங்கள், பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் திறக்க வேண்டியதுதான். வாரண்டி இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். ஃபேன் இறக்கைகளில் தெரியும் தூசியை மட்டும் துடைத்து மூடிவிடுகிறார்கள். உண்மையான அடைப்பு ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் செம்பு ஃபின்களுக்கும் நடுவில் இருக்கிறது. ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல ஒரே படலமாக ஒட்டியிருக்கும். ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தால் மாற்றலாம். உங்கள் மாடலில் பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் போட்டிருந்தால் ஹீட்சிங்கைத் தொடவே வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி சிந்தினாலும் போர்டு போகும்.

திறக்காமல் சூட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்புகளில் சிபியு டர்போ (தேவைப்படும்போது தானாக வேகத்தை ஏற்றிக்கொள்வது) நின்றுவிடும், சூடும் நன்றாகவே இறங்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி கார்டைப் பிழியும் கேம்களுக்கு இது நல்லது. வேலரன்ட் சிபியுவை நம்பி ஓடுவது, அதில் எஃப்பிஎஸ் குறையும். வேலரன்டில் ஜிபியு யூசேஜ் குறைவாகக் காட்டுவதும் இயல்புதான், அதை நோயாக எண்ண வேண்டாம்.

வாட்டும் சூடும் சரியாக இருந்தும் திணறினால் ராமைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் '1 ஆஃப் 2' ஸ்லாட் என்றிருந்தால், அதே அளவில் இன்னொரு ராம் போடுங்கள். டூயல் சேனல் (இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) ஆனதும் திக்கல் குறைவது கண்ணுக்கே தெரியும். என்னைக் கேட்டால் காசுக்கு இதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை. 4 ஜிபி விராம் கார்டில் டெக்ஸ்சரை 'ஹை' வைத்தால் நிரம்பி வழியும். அதை ஒரு படி இறக்குங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் திரை 60-ல் கிடக்கிறதா, கேம் கார்டில் ஓடாமல் ப்ராசஸரோடு வரும் உள் கிராஃபிக்ஸில் ஓடுகிறதா என்பதையும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளைக் கொண்டு கார்டின் டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குறைவாகவே வந்தால் கேம் அந்தக் கார்டுக்குப் பெரியது. ஷேடோவைக் குறையுங்கள், டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) இருந்தால் போடுங்கள், எஃப்பிஎஸ்ஸை 60-க்குக் கட்டி வையுங்கள். கடைக்குக் கொண்டுவருவதானால், இருபதாவது நிமிடத்தில் அந்த மூலை எண்களை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கையோடு கொண்டுவாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.