நிறுவன மறுசீரமைப்புக்குப் பின் வேலையில் மனம் ஒட்டவில்லையா? தொடங்குவதற்கான படிகள்

கொழும்புக் கோட்டையில் நான் வேலை செய்யும் கந்தோரில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியபோது என் சம்பளம் குறையவில்லை, பதவியும் பறிபோகவில்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் காலை ரயில் ஏறும்போதே நெஞ்சு கனத்தது. ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை வாசித்துவிட்டுப் பதில் எழுதாமல் மூடிய நாட்கள் பல. சோம்பல் என்று என்னையே கடிந்துகொண்டேன். பெயர் வைக்காத ஓர் இழப்பு உள்ளே கிடந்து கையைக் கட்டிப்போட்டிருந்தது என்பது பல மாதங்களுக்குப் பிறகே விளங்கியது. இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்காக, எனக்குப் பயன்பட்ட ஒழுங்கிலேயே இவற்றை எழுதுகிறேன்.

முதற் படி: இழந்ததை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, முன்பு இருந்து இப்போது இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ‘பழைய சூழல்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. வியாழன்தோறும் நான் தயாரித்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்று வேறொருவரிடம் போனது, ஜன்னலோர மேசை போனது, மதியச் சாப்பாட்டு வேளையில் தமிழில் கதைப்பதற்கு இருந்த ஒரே அக்கா வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனது என்று நான் எழுதினேன். மூன்றாவதை எழுதும்போது பேனை நின்றுவிட்டது.

உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகள் அடிப்படை என்று உளவியலாளர்களான எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் விளக்கினார்கள்: நம் செயலை நாமே தீர்மானிக்கும் உரிமை, செய்வதைத் திறம்படச் செய்கிறோம் என்ற உணர்வு, மனிதரோடு ஒட்டுறவு. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே இம்மூன்றில் எது அடிபட்டது என்று குறித்தால், பின்வரும் படிகளில் எதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கவேண்டும் என்பது தெரியும்.

இரண்டாம் படி: பயத்தைத் தனியே பிரித்தெடுங்கள்

‘அடுத்தது நானா?’ என்ற கேள்வி மனதில் ஓடும்வரை எந்த வேலையிலும் கவனம் நிற்காது. ஆகவே சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பை ஒருமுறை அமைதியாக அறிந்துகொள்ளுங்கள். இலங்கையில் வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாத வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும்; அதற்கு முந்திய 12 மாதங்களில் அவர் 180 நாட்களாவது வேலை செய்திருக்கவேண்டும். ஆகையால், விளங்காத எந்தக் கடிதத்திலும் அன்றைக்கே கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள், தேவையானால் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள். ஐந்து ஆண்டுகள் நிறைந்திருந்தால், மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், வேலையை விட்டுப் போகும்போது பணிக்கொடை உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) சம்பளத்தில் உங்கள் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும் ஒழுங்காகச் சேர்கின்றனவா என்றும் பாருங்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முடித்த அன்றுதான் எனக்கு முழு இரவு நித்திரை வந்தது.

மூன்றாம் படி: புதிய முகாமையாளரிடம் இருபது நிமிடம் கேளுங்கள்

வருத்தத்தைச் சொல்லும் சந்திப்பாக இதை ஆக்கவேண்டாம். அடுத்த மூன்று மாதங்களில் என்னிடம் முதன்மையாக எதை எதிர்பார்க்கிறீர்கள், பழைய வேலைகளில் எவற்றை நான் நிறுத்தலாம், எந்த விடயத்தில் நானே முடிவெடுக்கலாம் என்ற மூன்று கேள்விகள் போதும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கதைக்கவேண்டி வந்தால் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். மனதில் தமிழில் தெளிவாக இருப்பது வாயில் வரும்போது பாதியாகச் சுருங்கிவிடும். கிடைத்த பதில்களை அன்றே மின்னஞ்சலில் அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்குபவர்களே அதிகம், ஆனால் இழந்த உரிமையில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது அதுவே.

நான்காம் படி: காலையில் ஒன்றை முடியுங்கள்

மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், அரை மணித்தியாலத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை முடித்துக் கொப்பியில் குறியுங்கள். சிறியதாக இருக்கட்டும், முடிந்திருக்கவேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்களைத் தேடுங்கள்

புதிய பிரிவில் ஒருவரோடு கிழமையில் இரண்டு நாளாவது சேர்ந்து சாப்பிடுங்கள். நான் என் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு, அதிகம் கதைக்காத ஒரு தங்கையின் எதிரே போய் அமர்ந்தேன்; பிரிவுகளை ஒன்றாக்கியபோது அவளும் ஒரு தோழியைப் பிரிந்திருந்தாள். மாற்றலாகிப் போன அக்காவுக்கு வெள்ளிக்கிழமைகளில் இன்றும் அழைப்பு எடுக்கிறேன்.

மூன்று மாதங்களுக்குப் பின் கொப்பியின் முதற் பக்கத்தைத் திறந்து, எவை திரும்பின, எவை திரும்பவில்லை என்று பாருங்கள். திரும்பாதவை உங்களால் விட்டுக்கொடுக்க முடியாதவையாக இருந்தால், வேறு பிரிவையோ வேறு வேலையையோ தேடத் தொடங்குங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. இடையில் நித்திரையும் பசியும் இரண்டு கிழமைக்கு மேல் கெட்டுப்போயிருந்தால் மூன்று மாதம் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.