டல்லாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்களா? டைலர் ஸ்டேட் பார்க்குக்கு ஆர்.வி.யில் போக ஒரு வழிகாட்டி

ஃப்ரிஸ்கோ, இர்விங், பிளேனோ என்று எங்கே குடிவந்தாலும், கொஞ்ச நாளில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "லாங் வீக்எண்டுக்கு ஆர்.வி. எடுத்துட்டுப் போலாமா" என்று ஆரம்பிப்பார். ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. உடனே எல்லோரும் வண்டி வாடகை தேடுவார்கள். அது தலைகீழ் வேலை. வண்டி எப்படியும் கிடைத்துவிடும், ஏரிக்கரையில் இடம்தான் கிடைக்காது.

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளில் தங்கும் இடத்தை ஐந்து மாதம் முன்பே பதிவு செய்யலாம். ஸ்பிரிங் பிரேக், தேங்க்ஸ்கிவிங், அக்டோபர் சனிக்கிழமைகள் எல்லாம் சீக்கிரம் நிரம்பிவிடும். விட்டுப்போனால் ரத்தாகும் இடங்களைத் தினமும் எட்டிப் பாருங்கள், பயண நாள் நெருங்கும்போது சிலர் விடுவிப்பார்கள். வேலையில் லீவு கிடைக்குமானால் ஞாயிறு, திங்கள் இரவுகளில் தங்குங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் பயணத்துக்கு டைலர் ஸ்டேட் பார்க்கைச் சொல்வேன். டல்லாஸிலிருந்து ஐ-20இல் கிழக்கே சுமார் 100 மைல், அப்புறம் எஃப்.எம். 14 என்ற சாலையில் வடக்கே இரண்டு மைல். அவ்வளவுதான். கிழக்கு டெக்சாஸின் பைன் காடு அங்கே அடர்த்தியாக நிற்கிறது, நடுவில் 64 ஏக்கரில் ஊற்றுநீர் ஏரி. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை கொடுத்த அரசுத் திட்டம் ஒன்று இருந்தது, இந்தப் பார்க்கைக் கட்டியவர்கள் அவர்கள்தான். ஏரியே அவர்கள் அணை கட்டி உண்டாக்கியதுதான்.

இடம் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஹூக்கப். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் மூன்றும் இருந்தால் அது ஃபுல் ஹூக்கப். முதல் தடவை அதையே எடுங்கள், ஏரி கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. சைட்டின் நீளத்தையும் பாருங்கள், 25 அடி வண்டியை 20 அடி இடத்தில் நிறுத்த முடியாது. ஒரு சைட்டுக்கு எட்டுப் பேர் வரைதான். மூன்று குடும்பம் சேர்ந்து போனால் பக்கத்துப் பக்கத்து சைட் வேண்டும்.

சரி, இப்போது வண்டி. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வகை புதியவர்களுக்கு நல்லது. 26,000 பவுண்டுக்கு மேல் போகாத வரை, டெக்சாஸில் கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸே போதும். வாடகைக்குத் தருபவர்கள் பெரும்பாலும் 25 வயது கேட்பார்கள். இந்திய லைசென்ஸோடு இருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். விளம்பரத்தில் இருக்கும் நாள் வாடகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, சுத்தம் செய்ய இவ்வளவு என்று தனித்தனியாக வரும். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் இதற்குச் செல்லாது, கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடும் அப்படியே. வண்டி 11, 12 அடி உயரம் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள், காபி வாங்க டிரைவ்-த்ரூவில் நுழைய ஆசை வரும்.

நம் ஆட்கள் தடுமாறுவது சமையலில்தான். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தமே 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி அங்கே வேலைக்காகாது, இங்கே விற்கும் 110 வோல்ட் மிக்ஸி ஓடும். ஆனால் சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம். இட்லி மாவு, புளிக்காய்ச்சல், மிளகாய்ப்பொடி இருந்தால் இரண்டு நாள் ஓடிவிடும். குக்கர் கேஸ் அடுப்பில் நன்றாகவே விசிலடிக்கும். தாளிப்பதை மட்டும் வெளியே மேஜையில் சின்ன கேம்ப் அடுப்பு வைத்துச் செய்யுங்கள். வண்டிக்குள் காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டால் புகை அலாரம் அலற, பக்கத்து சைட்காரர் எழுந்து வந்துவிடுவார்.

கழிவுநீருக்கு இரண்டு தொட்டிகள். சிங்க், குளியல் நீர் போவது சாம்பல் தொட்டி, கழிவறைக் கழிவு போவது கறுப்புத் தொட்டி. சாம்பல் தொட்டிதான் சீக்கிரம் நிரம்பும், அதனால் குழம்புச் சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கழிவறையில் மக் வைத்துக் கழுவிக்கொள்ளலாம், கறுப்புத் தொட்டிக்குத் தண்ணீர் நிறையப் போவது நல்லதுதான். ஆனால் வெட் வைப்ஸ் வேண்டாம், பாக்கெட்டில் என்ன போட்டிருந்தாலும் சரி. ஃபுல் ஹூக்கப்பிலும் கறுப்பு வால்வை மூடியே வையுங்கள், திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடி மற்றதெல்லாம் அடியில் தங்கிக் காய்ந்துவிடும். காலி செய்யும்போது கறுப்பு முதலில், அப்புறம் சாம்பல், அந்தச் சோப்பு நீரே குழாயைக் கழுவிக் கொடுத்துவிடும். ஒரு பெட்டி ரப்பர் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க் விதிகளில் நம்மவர்கள் பிடிபடுவது பெரும்பாலும் சத்தத்தில்தான். இரவு 10 மணிக்கு மேல் பாட்டு, அந்தாக்‌ஷரி எதுவும் கூடாது. வெளியே மது வைத்துக் குடிப்பதும் தடை. காட்டில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக் கூடாது, விறகை அந்தப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் தீத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஏரியில் லைஃப்கார்டு கிடையாது, பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கரையில் நிற்க வேண்டும். மூன்று இலை சேர்ந்த, பட்டால் அரிப்பெடுக்கும் பாய்சன் ஐவிச் செடியைத் தொடக் கூடாது என்றும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். நல்ல செய்தி ஒன்று: ஸ்டேட் பார்க்குக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை.

இவ்வளவும் தலை சுற்றினால் வண்டியே வேண்டாம், அதே பார்க்கில் வலையடித்த சின்னக் கொட்டகைகள் வாடகைக்கு உண்டு. கட்டிலும் மெத்தையும் இருக்காது, பாய் எடுத்துப் போங்கள். மின்விளக்கும் கொசு வராத சுவரும் இருக்கும், செலவும் குறைவு. ஒரு தடவை அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு ஆர்.வி. பற்றி முடிவெடுக்கலாம்.

ஃபுல் ஹூக்கப் கிடைக்காமல் போனவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்கே சைட்டை விட்டுவிடுங்கள். காலி செய்யும் நேரம் பகல் 12 மணி என்பதால், அதை ஒட்டிக் கிளம்புகிற எல்லா வண்டியும் தொட்டிக் கழிவை இறக்கும் டம்ப் ஸ்டேஷனில்தான் வரிசையாக நிற்கும்.