பள்ளியில் மனநல ஆலோசனை அறை: முதல் ஆண்டை நடத்தும் விதம்

"கவுன்சிலிங்" என்றதும் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு நினைப்பு வரும். ஒன்று, பிளஸ் டூ முடித்த அண்ணன் போய்வந்த இன்ஜினியரிங் கவுன்சிலிங். இன்னொன்று, "அந்த ரூமுக்குப் போனா லூசுன்னு அர்த்தம்." முதலாவதால் கெடுதல் இல்லை. இரண்டாவது ஒட்டிக்கொண்டால், எவ்வளவு கெட்டிக்கார ஆலோசகர் வந்து உட்கார்ந்தாலும் அறை காலியாகத்தான் கிடக்கும். அதனால் ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலை, எல்லாப் பிள்ளைகளையும் அந்த அறைக்குள் ஒருமுறை வரவைப்பது.

வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளுக்கு 5 நிமிடம். 40 பேர் உள்ள வகுப்புக்கு 200 நிமிடம். 5 பீரியடில் முடித்துவிடலாம். கேட்பதெல்லாம் சாதாரணமாக இருக்கட்டும்: வீட்டில் யார் யார், பள்ளிக்கு எதில் வருகிறாய், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறாய், மத்தியானம் யார்கூடச் சாப்பிடுகிறாய். கடைசிக் கேள்விக்கு "யார்கூடயும் இல்ல" என்று பதில் வந்தால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பி.டி. பீரியடில் மட்டும் கூப்பிடாதீர்கள். விளையாட்டைப் பறித்தவரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது.

தூக்கக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம் உள்ள வீடுகளில் விடியுமுன் பூ எடுத்தாக வேண்டும். மொட்டு விரிந்தால் விலை போகாது. நாலு மணிக்கு எழுந்து பூ எடுத்துவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளை மூன்றாவது பீரியடில் தூங்கி விழத்தான் செய்யும். அதை "ஆர்வமின்மை, சோர்வு" என்று குறித்து வைத்தால் அடுத்த மூன்று மாதமும் தவறான திசையில் போவீர்கள். இதேபோல், மனதைத் தேடுமுன் கண், காது, இரத்தசோகை மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாததால் அடங்காப்பிடாரி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் ஏராளம்.

அறையும் நேரமும்

தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்து அறை வேண்டாம். நூலகத்தை ஒட்டிய அறை நல்லது. அங்கே போகிற பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்துக்குப் பத்து அடி போதும். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும். நடுவே மேசை வேண்டாம். மேசை வந்தால் விசாரணை வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது. கதவில் கண்ணாடி இருந்தால் சாத்தலாம், இல்லையென்றால் பாதி திறந்திருக்கட்டும். கடகடவென்று ஓடும் பழைய மின்விசிறியை மாற்றிவிடாதீர்கள், குரல் வெளியே போகாமல் அதுதான் காக்கிறது. கடிகாரம் உங்கள் பார்வைக்குத் தெரிய வேண்டும், பிள்ளையின் பார்வைக்கு வேண்டாம்.

பீரியட் 40 நிமிடம் என்றால் பேச்சு 30 நிமிடம். மீதிப் பத்தும் முகம் கழுவ. சிலர் இதைக் கவனிப்பதே இல்லை. அழுது சிவந்த கண்ணோடு வகுப்புக்குள் நுழையும் பிள்ளையைப் பார்த்து, அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் பாதிப் பள்ளி கதை கட்டிவிடும். அடுத்த முறை அந்தப் பிள்ளை வராது, அதைப் பார்த்த பத்துப் பேரும் வர மாட்டார்கள். குழாயடியில் முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மணி அடித்து வகுப்பு மாறும் சலசலப்பில் உள்ளே போகட்டும். ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மேல் பார்க்க வேண்டாம்; ஐந்தாவது பிள்ளைக்குக் காது கொடுக்கத் தெம்பு இருக்காது. பாடம் நடத்தி மதிப்பெண் போடும் ஆசிரியருக்கே ஆலோசனைப் பொறுப்பையும் கொடுத்திருந்தால், தன் வகுப்புப் பிள்ளைகளை இன்னொருவரிடம் மாற்றிவிட வேண்டும்.

முதல் பேச்சு

உட்கார்ந்ததும் இரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். "நீ சொல்றது இங்கயே இருக்கும். மூணு விஷயம் மட்டும் வெளிய போகும்: உன்னை நீயே காயப்படுத்திக்கப் போற, இன்னொருத்தர காயப்படுத்தப் போற, உன்னை யாரோ காயப்படுத்துறாங்க. அப்பயும் யார்ட்டச் சொல்லப் போறேன்னு உன்ட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதை முதல் நிமிடத்தில் சொல்லாமல், பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் அது ஏமாற்று.

பிறகு பிள்ளை சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "ஒரு மாதிரி இருக்கு மிஸ்" என்பதுதான். பயம், கோபம், வெட்கம், துக்கம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். அதை அவசரப்பட்டு மொழிபெயர்க்காமல் உடம்பு வழியாகப் போங்கள்.

"ஒரு மாதிரின்னா உடம்புல எங்கிட்டுத் தெரியுது?"
"வயித்துல. பிசையிற மாதிரி."
"எப்பப்ப வருது?"
"ஞாயித்துக்கிழமை சாயந்தரமே ஆரம்பிச்சிரும்."
"திங்கக்கிழமை காலைல முதல்ல என்ன நடக்கும்?"
"டெஸ்ட் பேப்பர் குடுப்பாங்க. மார்க்க சத்தமா வாசிப்பாங்க."

மூன்றே கேள்வியில் இடம், நேரம், காரணம் மூன்றும் வந்துவிட்டன. இதில் "ஏன்" என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டிலும் வகுப்பிலும் "ஏன்" என்றால் அடுத்து வைவார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்டதுமே வாய் மூடிக்கொள்ளும். "எப்ப", "எங்க", "அப்புறம்" போதும். இங்கே செய்ய வேண்டியது பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது மட்டுமல்ல (4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது, ஐந்து முறை). மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் பேசுவதும்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆனால் ஆசிரியரிடம் சட்டத்தை முதலில் நீட்ட வேண்டாம். தாளை மடித்துக் கொடுக்கச் சொன்னாலே பலர் கேட்பார்கள்.

வினாத்தாள் வைத்துப் பார்ப்பதானால் எஸ்டிக்யூ (SDQ: பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாத்தாள்) போதும். 25 வரிகள், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்பலாம், சின்னவர்களுக்கு ஆசிரியரோ பெற்றோரோ. அங்கீகரித்த தமிழ்ப் படிவம் இருக்கிறது, சொந்தமாக மொழிபெயர்க்காதீர்கள். மதிப்பெண் போடும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்து வரிகளுக்கும் மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போட வேண்டும். நற்குணங்களைப் பற்றிய ஐந்து வரிகள் மொத்தக் கணக்கில் சேராது. மீதி 20 வரிக்கும் வரிக்கு 2-தான் உச்சம் என்பதால் கூட்டுத்தொகை 40-ஐத் தாண்டவே முடியாது, தாண்டினால் கணக்கு தப்பு. இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. அதிக மதிப்பெண் வரும் பிள்ளைகளை உடனே பார்க்க ஆள் இல்லாதபோது பள்ளி முழுக்கக் கொடுப்பதும் வேண்டாம்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால்

நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்கவும் ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் எப்போதிருந்து, எப்படி என்று யோசித்ததுண்டா, இதற்கு முன் முயன்றதுண்டா என்று அமைதியான குரலில் தொடருங்கள். திட்டமோ முன்முயற்சியோ இருந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் கூடப் போக வேண்டும். வீட்டாரை வரவழைத்து, கையில் ஒப்படைத்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தனியாகப் பஸ் ஏற்றி அனுப்புவதுதான் நடக்கக் கூடாத தவறு.

வீட்டாரிடம் சொல்லவேண்டிய காரியம் ஒன்று: வீட்டிலோ தோட்டத்து மோட்டார் ரூமிலோ இருக்கும் பூச்சிமருந்தையும், பெரியவர்களின் மாத்திரைகளையும் பெட்டியில் பூட்டி, சாவியைப் பிள்ளைக்குத் தெரியாத இடத்தில் வைப்பது. தற்கொலை எண்ணம் அலைபோல ஏறி இறங்குவது. ஏறிய நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் உண்மையை மறைக்கும் வீடுகள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்கிறது, தண்டனைக்கு உரியவராக அல்ல. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவுபகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அதைப் பிள்ளையின் கண்முன்னே ஒரு அட்டையில் எழுதி, கூடவே அவன் நம்பும் இரண்டு பெரியவர்களின் எண்ணையும் அவனையே எழுதவையுங்கள்.

பாலியல் கொடுமை என்று தெரிந்தால் துப்பறிய வேண்டாம். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, திருத்தாமல், தேதி நேரத்தோடு எழுதிவைத்துக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் உதவிக்கு ஆள் வரும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் 21-ஆம் பிரிவில் சிறைத் தண்டனைக்கு இடமுண்டு, நிறுவனத் தலைவருக்கு இன்னும் கூடுதலாக. "பள்ளி பேர் கெட்டுரும், உள்ளுக்குள்ள பேசி முடிச்சிருவோம்" என்று யார் சொன்னாலும் முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

ஆசிரியர் அறையும் வீடும்

இரகசியம் ஒழுகுவது பெரும்பாலும் டீ நேரத்தில். "அந்தப் பொண்ணுக்கு என்னவாம்?" என்ற கேள்விக்கு நல்ல மனதோடு சொல்லும் பதில்தான் வெளியே போகிறது. வகுப்பாசிரியருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: முதல் பெஞ்சில் உட்காரவையுங்கள், இரண்டு வாரம் எல்லார் முன்னாலும் வீட்டுப்பாடம் கேட்காதீர்கள், வராத அன்று எனக்குச் சொல்லுங்கள். காரணம் வேண்டாம். குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் வேறொரு பூட்டில்.

வீட்டாரைக் கூப்பிட்டால் வருவது அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலூர்ப் பக்கம் அப்பா சிங்கப்பூரில் இருப்பார். வேறு சில வீட்டில் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில். அப்பத்தாவோ அம்மாச்சியோ வருவார். கூலி கெடாதபடி சாயந்தரம் நாலரைக்கு மேல் கூப்பிடுங்கள். முதல் வாக்கியம் பிள்ளையைப் பற்றிய நல்ல வார்த்தையாக இருக்கட்டும். குற்றச்சாட்டில் தொடங்கினால் அன்றிரவே அடி விழும்.

"கோடாங்கி பார்த்தோம், பாண்டி கோயில்ல கயிறு கட்டினோம்" என்பார்கள். வாதாட வேண்டாம். "கயிறு கையில இருக்கட்டும் அப்பத்தா, பெரியாஸ்பத்திரியிலயும் ஒருக்காக் காட்டிருவோம்" என்றால் வருவார்கள். பேய் ஓட்டுவதாகச் சொல்லிப் பிள்ளையைப் பட்டினி போடுவதோ அடிப்பதோ நடக்கிறது என்று தெரிந்தால் அப்போது 1098. பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போது ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள்: வயது, வகுப்பு, என்ன மாற்றம், எப்போதிருந்து, தூக்கம், சாப்பாடு, வருகை, மதிப்பெண் சரிவு, வலிப்பு உண்டா, ஏற்கெனவே எடுக்கும் மருந்து. கடிதம் இல்லாமல் போன பாட்டி கூட்டத்தில் நின்று "படிக்க மாட்டேங்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். கற்றல் குறைபாடு என்று சந்தேகம் இருந்தால் பொதுத்தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். கூடுதல் நேரம், எழுத ஆள் போன்ற சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும், அது ஒரே நாளில் கிடைப்பதில்லை.

மே மாதம்

பொதுத்தேர்வு முடிவு வருவது மே மாதம். பள்ளி பூட்டியிருக்கும், ஆலோசகரும் ஊரில் இருக்க மாட்டார். ஆண்டிலேயே ஆபத்தான வாரம் அதுதான். மார்ச்சிலேயே, புள்ளி வைத்த பெயர்களிலிருந்து 10, 12-ஆம் வகுப்புப் பட்டியல் ஒன்று போட்டு, வீட்டு எண்ணோடு இரண்டு ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். முடிவுக்கு முந்தின நாள் ஒரு போன், முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு போன். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "பரவாயில்ல" என்பதைவிட அந்தத் தேதிக்கு மதிப்பு அதிகம். நூறு மதிப்பெண் எதிர்பார்த்து எண்பது வாங்கிய பிள்ளையையும் பட்டியலில் சேருங்கள். தோற்ற பிள்ளையை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள், இந்தப் பிள்ளையை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளையின் குறிப்பேட்டை அப்படியே அனுப்பாதீர்கள். பிள்ளையும் வீட்டாரும் சரி என்றால் ஒரு பக்கச் சுருக்கம், மூடிய உறையில், அங்குள்ள ஆலோசகர் பெயருக்கு. வேண்டாம் என்றால் அந்த ஒரு பக்கமும் வேண்டாம்.